கிளாசிக்கல் கண்டிஷனிங்: எது யு.சி.எஸ்., எது சி.எஸ். என்று எப்படிப் பிரிப்பது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். உளவியல் முதலாண்டு படிக்கிறீர்கள். பாவ்லோவின் நாய், மணி, உணவு, எச்சில் எல்லாம் மனப்பாடமாகத் தெரியும்: உணவுக்கு முன் மணி அடித்துப் பழக்கினால், பிறகு மணிக்கே நாய்க்கு எச்சில் ஊறும், இந்த வகைக் கற்றல்தான் கிளாசிக்கல் கண்டிஷனிங். ஆனால் தேர்வில் வேறொரு சூழ்நிலையைக் கொடுத்து "இதில் யு.சி.எஸ். (இயற்கைத் தூண்டல்) எது, சி.எஸ். (ஆக்கநிலைத் தூண்டல்) எது" என்று கேட்டால் குழம்பிவிடுகிறது. தன் செயலின் விளைவிலிருந்து உயிர் கற்பதைச் சொல்லும் ஸ்கின்னர் என்ற உளவியலாளரின் கண்டிஷனிங்கும் இதோடு கலந்துவிடுகிறது. கடைசி வரியில், ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழும் உங்கள் தம்பியைப் பற்றி எழுதி, அதுவும் கண்டிஷனிங்தானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: அந்த நாய் உண்மையில் எதைக் கற்றுக்கொண்டது? அது பிடிபட்டுவிட்டால் பெயர்கள் தாமாக இடத்தில் உட்காரும். பெரும்பாலான பாடப்புத்தகங்கள் பெயர்களை முன்னால் வைத்து, கற்றலைப் பின்னால் தள்ளிவிடுகின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது, உங்களிடம் குறையில்லை.

நான் பல வருடங்கள் கல்லூரியில் அறிமுக உளவியல் பாடம் எடுத்திருக்கிறேன். இப்போது அச்சம், பதற்றம் தொடர்பான பிரச்சினைகளோடு வருபவர்களுக்குச் சிகிச்சை தருகிறேன். இந்தப் பாடத்தை அந்த இரண்டு பக்கங்களிலிருந்தும் சொல்ல முடியும். மூளையின் எந்தப் பகுதி எதைச் செய்கிறது என்பது என் துறை இல்லை. அந்தப் பக்கம் அதிகம் போகமாட்டேன்.

இவான் பாவ்லோவ் உளவியலாளர் இல்லை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பரிசோதனை மருத்துவ நிறுவனத்தில் செரிமானத்தை ஆராய்ந்த உடலியங்கியல் அறிஞர். 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் செரிமான ஆய்வுக்குத்தான். நாயின் உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாயைச் சிறு அறுவை மூலம் கன்னத்துக்கு வெளியே திருப்பிவிட்டு, எத்தனை சொட்டு வருகிறது என்று எண்ணுவதற்கு வழி செய்திருந்தார்கள். வாயில் உணவு பட்டால் எச்சில் ஊறும், அது உடம்பின் இயல்பு. ஆனால் ஆய்வகத்துக்குப் பழகிய நாய்களுக்கு, உணவு வாய்க்கு வருவதற்கு முன்னாலேயே, அதைப் பார்த்ததும், கொண்டுவருபவரைக் கண்டதும் ஊற ஆரம்பித்தது. இதையே தனி ஆய்வாக எடுத்துக்கொண்டு, 1936இல் இறக்கும்வரை பாவ்லோவ் அதில் உழைத்தார். மணியைப் பற்றி ஒரு சின்ன விஷயம்: அவருடைய ஆய்வகத்தில் மெட்ரோனோம் என்ற தாளக்கருவி, பஸ்ஸர், விளக்கு வெளிச்சம், தோலை மெல்லத் தொடும் கருவி என்று பலவற்றைப் பயன்படுத்தினார்கள். மணிதான் புகழ்பெற்றது, ஆனால் அது கட்டாயம் இல்லை. மணியை மட்டுமே மனத்தில் வைத்திருப்பவர்கள்தான் புதிய உதாரணத்தில் தடுமாறுகிறார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

சரி, பிரிப்பது எப்படி? எந்த உதாரணம் வந்தாலும் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: முதல் நாள், எதையும் கற்காத நிலையில், இங்கே எது எதை உண்டாக்கும்? கற்பிக்காமலே ஒரு விளைவைக் கொண்டுவருவது இயற்கைத் தூண்டல், அதாவது யு.சி.எஸ். அது கொண்டுவரும் விளைவு இயற்கைத் துலங்கல், யு.சி.ஆர். அடுத்த கேள்வி: முதல் நாள் இந்த விளைவை உண்டாக்காமல் இருந்து, இப்போது உண்டாக்குவது எது? அதுதான் ஆக்கநிலைத் தூண்டல், சி.எஸ். அதற்கு இப்போது வரும் பதில் ஆக்கநிலைத் துலங்கல், சி.ஆர். கண்ணில் மெல்லக் காற்றை ஊதினால் யாருக்கும் இமை மூடும். ஒரு ஒலியைக் கேட்டால் முதல் நாள் இமை மூடாது. ஒலியும் அடுத்த நொடிக்குள் காற்றும் என்று பலமுறை கொடுத்தபின், ஒலிக்கே இமை மூடுகிறது. காற்று யு.சி.எஸ்., ஒலி சி.எஸ். இரண்டு துலங்கல்களும் இமை மூடுவதுதான், ஆனால் காற்றுக்கு மூடினால் யு.சி.ஆர்., ஒலிக்கு மூடினால் சி.ஆர். செயலைப் பார்த்துப் பெயர் வைக்கக்கூடாது, எதற்காக அது வந்தது என்று பார்த்து வைக்க வேண்டும்.

புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுப்பவர்கள் சிலருக்கு, சில தடவைகளுக்குப் பிறகு மருத்துவமனைக்குள் நுழைந்ததுமே, மருந்து ஏறுவதற்கு முன்பே குமட்டல் வந்துவிடும். இந்த உதாரணத்தைக் கொடுத்தால் வகுப்பில் பாதிப் பேர் குமட்டலை யு.சி.எஸ். என்று எழுதுவார்கள். முதல் நாள் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். மருந்துதான் கற்பிக்காமலே குமட்டலைக் கொண்டுவருகிறது, எனவே மருந்து யு.சி.எஸ். மருந்தால் வந்த குமட்டல் யு.சி.ஆர். மருத்துவமனையின் வாசனையும் அந்த அறையும் சி.எஸ். வாசலில் வரும் குமட்டல் சி.ஆர்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்த பரீட்சைக் கேள்வி. 1938இல் அமெரிக்க உளவியலாளர்களான மௌரர் தம்பதியர் படுக்கையில் சிறுநீர் கழிக்கும் குழந்தைகளுக்கான ஒரு முறையைப் பற்றி எழுதினார்கள். படுக்கையில் ஒரு விரிப்பு, ஈரம் பட்டதும் மணி அடிக்கும், குழந்தை விழித்துக்கொள்ளும். சில வாரங்களில் மணி அடிப்பதற்கு முன்னாலேயே குழந்தை விழித்துக்கொள்ள ஆரம்பிக்கும், அல்லது இரவு முழுவதும் அடக்கிக்கொண்டு தூங்கும். இதில் மணி எது? பாவ்லோவின் மணி மனத்தில் இருப்பதால் பலரும் உடனே சி.எஸ். என்று எழுதிவிடுவார்கள். ஆனால் தூங்குகிற குழந்தையைக் கற்பிக்காமலே எழுப்பக்கூடியது மணிதான். எனவே அது யு.சி.எஸ். சிறுநீர்ப்பை நிரம்பிய உணர்வுதான் சி.எஸ். தூண்டல் என்றால் வெளியிலிருந்து வர வேண்டும் என்ற எண்ணத்தையும் இது உடைத்துவிடுகிறது, ஏனென்றால் இங்கே சி.எஸ். உடம்புக்குள்ளேயே இருக்கிறது. இந்த முறை இன்றும் சிகிச்சையில் இருக்கிறது, பலன் தருகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பலன் தருவதற்குக் காரணம் முழுக்க கிளாசிக்கல் கண்டிஷனிங்தானா, இல்லை விழிப்பதைத் தவிர்க்கக் குழந்தை அடக்கிக்கொள்ளக் கற்கிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. தேர்வில் கேட்டால் மௌரர் சொன்ன விளக்கத்தை எழுதுங்கள், இந்தச் சந்தேகத்தை ஒரு வரியில் சேருங்கள்.

ஸ்கின்னரோடு குழம்புவதற்கும் ஒரே கேள்வி போதும்: அந்த உயிர் எதையும் செய்யாமல் இருந்தாலும் அது வருமா? பாவ்லோவின் ஆய்வில் நாய் எச்சில் ஊறவிட்டாலும் விடாவிட்டாலும் உணவு வந்துவிடும். நாயின் செயலால் எதுவும் மாறாது. ஸ்கின்னரின் பெட்டியில் எலி நெம்புகோலை அழுத்தினால்தான் உணவு, அழுத்தாவிட்டால் இல்லை. முதலாவதில் ஒரு நிகழ்ச்சிக்கும் இன்னொரு நிகழ்ச்சிக்கும் உள்ள உறவு கற்கப்படுகிறது. இரண்டாவதில் தன் செயலுக்கும் அதன் விளைவுக்கும் உள்ள உறவு. எச்சில், இமை, இதயத்துடிப்பு போன்ற அனிச்சைச் செயல் என்றால் பாவ்லோவ், நாமே விரும்பிச் செய்வது என்றால் ஸ்கின்னர் என்று சில குறிப்புகளில் இருக்கும். அவசரத்துக்கு உதவும், ஆனால் அது அவ்வளவு நம்பகமான அளவுகோல் இல்லை. எது எதைப் பொறுத்து வருகிறது என்று பார்ப்பதே மேல்.

நிஜ வாழ்க்கையில் இரண்டும் சேர்ந்தே வரும். சிகிச்சை அறையில் இதைத்தான் தினமும் பார்க்கிறேன். நாய் கடித்த ஒருவர் நாயைக் கண்டால் நடுங்குகிறார், இது பாவ்லோவ் வகை. நாய் இருக்கும் தெருவை விட்டு வேறு தெருவில் சுற்றிப் போகிறார், போனதும் மனசு லேசாகிறது. அந்த நிம்மதி அடுத்த நாளும் அவரைச் சுற்றிப் போக வைக்கிறது, இது ஸ்கின்னர் வகை. சுற்றிப் போய்க்கொண்டே இருப்பதால், எல்லா நாயும் கடிக்காது என்று கற்றுக்கொள்ளும் வாய்ப்பே அவருக்கு வருவதில்லை. அச்சம் பிடிப்பதை ஒன்றும், அது நிலைப்பதை இன்னொன்றும் விளக்குகிறது. இப்படி இரண்டு படிகளாகச் சொன்னவரும் அந்தத் தம்பதியரில் கணவரான மௌரர்தான்.

இனி பாடத்தின் மையத்துக்கு வருகிறேன். மணியும் உணவும் பலமுறை சேர்ந்து வந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும் என்றுதான் எல்லாரும் எழுதுகிறோம். இது முழு உண்மை இல்லை. 1960களின் கடைசியில் ராபர்ட் ரெஸ்கோர்லா என்ற அமெரிக்க உளவியலாளர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். ஒரு குழு எலிகளுக்கு ஒலி வரும்போது மட்டும் சில தடவை மின்அதிர்ச்சி கிடைத்தது. இன்னொரு குழுவுக்கு ஒலியின்போது அதே அளவு அதிர்ச்சி, அதோடு ஒலி இல்லாத நேரங்களிலும் அதே விகிதத்தில் அதிர்ச்சி. ஒலியும் அதிர்ச்சியும் சேர்ந்து வந்த தடவைகள் இரண்டு குழுவுக்கும் ஒன்றுதான். சேர்ந்து வருவது மட்டுமே காரணம் என்றால் இரண்டு குழுவும் ஒலிக்குச் சமமாகப் பயந்திருக்க வேண்டும். முதல் குழு பயந்தது, இரண்டாவது குழு ஒலியைக் கண்டுகொள்ளவே இல்லை. திருடன் வந்தாலும் வராவிட்டாலும் இரவெல்லாம் குரைக்கும் நாயின் சத்தத்துக்கு வீட்டில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், அதுபோலத்தான். ஒலி எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதால் எலி அதை விட்டுவிட்டது.

அதே காலத்தில் லியோன் கேமின் என்ற உளவியலாளர் இன்னொரு பக்கத்திலிருந்து அதே இடத்துக்கு வந்தார். முதலில் இரைச்சலைத் தொடர்ந்து அதிர்ச்சி வரும் என்று எலிகளுக்குப் பழக்கினார். பிறகு இரைச்சலையும் வெளிச்சத்தையும் சேர்த்துக் கொடுத்து, அதே அதிர்ச்சி. இந்த இரண்டாம் கட்டத்தில் வெளிச்சமும் அதிர்ச்சியும் பலமுறை சேர்ந்துதான் வந்தன. ஆனால் வெளிச்சத்தை மட்டும் தனியாகக் காட்டியபோது எலிகளிடம் அச்சம் மிகக் குறைவு. இரைச்சலே அதிர்ச்சியைச் சொல்லிவிட்டதால் வெளிச்சம் புதிதாக எதையும் சொல்லவில்லை. இதற்குத் தடைப்படுத்தல், பிளாக்கிங் என்று பெயர். 1972இல் ரெஸ்கோர்லாவும் ஆலன் வாக்னரும் இதைக் கணக்காக எழுதிக் காட்டினார்கள். எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் இடையில் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவுதான் கற்றல் நடக்கும் என்பது அதன் சாரம். எதிர்பார்த்தது அப்படியே நடந்தால் கற்க ஒன்றுமில்லை.

இதைப் படித்தபின் பாவ்லோவின் நாயைத் திரும்பப் பாருங்கள். மெட்ரோனோம் சத்தத்தை அது உணவென்று நினைக்கவில்லை, மெட்ரோனோமை யாரும் சாப்பிடுவதில்லை. இந்தச் சத்தம் வந்தால் உணவு வரும் என்று கற்றிருக்கிறது, அதற்குத் தயாராகிறது. இரண்டையும் பின்முன்னாகக் கொடுத்தால், அதாவது உணவு முதலில், சத்தம் அப்புறம் என்றால், கற்றல் மிகப் பலவீனமாக இருப்பதும் இதனால்தான். வந்து முடிந்த ஒன்றை அறிவிப்பதில் பயன் இல்லை.

அறிமுகப் புத்தகங்கள் வேகமாகக் கடந்துவிடும் ஒரு விஷயம், சி.ஆரும் யு.சி.ஆரும் எப்போதும் ஒன்றுபோல இருக்கும் என்ற எண்ணம். எச்சில், இமை இரண்டிலும் ஒன்றுபோல இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. எலிக்கு மின்அதிர்ச்சி பட்டால் துள்ளும். அதிர்ச்சியை அறிவிக்கும் ஒலிக்கோ அது துள்ளாது, அசையாமல் உறைந்து நிற்கும். போதைமருந்தில் இது இன்னும் முக்கியம். கனடாவில் ஷெப்பர்ட் சீகலும் அவருடைய குழுவினரும் 1982இல் வெளியிட்ட ஆய்வில், எலிகளுக்கு ஒரே அறையில் ஹெராயினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்துப் பழக்கினார்கள். பிறகு பெரிய அளவு ஒன்றைக் கொடுத்தார்கள். பழகிய அறையிலேயே கொடுத்தபோது 32 சதவீதம் இறந்தன. அதே மாதிரி பழகிய எலிகளுக்கு வேறு அறையில் கொடுத்தபோது 64 சதவீதம். ஹெராயினே பழக்கமில்லாத எலிகளில் 96 சதவீதம். பழகிய அறை "மருந்து வரப்போகிறது" என்று சொல்லும்போது உடம்பு மருந்துக்கு எதிர்த்திசையில் தயாராகிறது, அந்தத் தயாரிப்பு உயிரைக் காக்கிறது என்பது சீகலின் விளக்கம். போதைக்கு அடிமையானவர்கள் வழக்கமான அளவையே புது இடத்தில் எடுத்து ஏன் ஆபத்தில் விழலாம் என்பதற்கு இது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. மனிதர்களிடம் இதைச் சோதித்துப் பார்க்க முடியாது என்பதால், எலிகளிடம் உறுதி, மனிதர்களிடம் நியாயமான ஊகம் என்று நான் பிரித்துச் சொல்வேன்.

எதை வேண்டுமானாலும் எதோடு வேண்டுமானாலும் இணைத்துவிடலாமா? முடியாது. 1966இல் ஜான் கார்சியாவும் ராபர்ட் கோலிங்கும் எலிகளுக்கு இனிப்பு கலந்த தண்ணீர் கொடுத்தார்கள். நக்கும்போதெல்லாம் வெளிச்சமும் சத்தமும் வந்தன. சில எலிகளுக்குப் பிறகு வயிற்றைக் குமட்ட வைத்தார்கள், சிலவற்றுக்கு மின்அதிர்ச்சி. குமட்டியவை இனிப்பை வெறுத்தன, வெளிச்சத்தையும் சத்தத்தையும் பொருட்படுத்தவில்லை. அதிர்ச்சி பட்டவை நேர்மாறாக வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் பயந்தன, இனிப்பைக் குடித்தன. சுவையையும் வயிற்றுக் கோளாறையும் சேர்த்துப் படிக்கும் வகையில் உடம்பு முன்பே தயாராக இருக்கிறது. அதோடு, சுவைக்கும் குமட்டலுக்கும் இடையில் மணிக்கணக்கில் இடைவெளி இருந்தாலும், ஒரே தடவையிலேயே கூட இந்த வெறுப்பு உருவாகிவிடும். இமை மூடும் சோதனையில் இடைவெளி சுமார் அரை நொடியாக இருந்தால்தான் நன்றாக வேலை செய்யும். எனவே "சி.எஸ். வந்த உடனே யு.சி.எஸ். வர வேண்டும்" என்று பொதுவிதி எழுதும்போது சுவையை விதிவிலக்காகச் சேர்த்துவிடுங்கள்.

மனிதர்களுக்கும் பொருந்துமா என்றால், தாராளமாக. சொல்லப்போனால் பாவ்லோவின் பெயர் அமெரிக்காவில் பரவுவதற்கு முன்பே, 1902இல், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எட்வின் ட்விட்மையர் மனிதர்களின் முழங்கால் துள்ளலை ஆராய்ந்தார். முழங்காலுக்குக் கீழே சுத்தியல் தட்டுவதற்கு முன் ஒரு மணி அடிக்கும். ஒருநாள் சுத்தியல் விழாமலே மணிக்கே கால் துள்ளியது. 1904இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் கூட்டத்தில் அதைச் சொன்னார், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெயர் பாவ்லோவுக்குப் போய்விட்டது. அதில் எனக்கு வருத்தம் உண்டு, பாடத்தில் ஒரு வரியாவது அவருக்குக் கொடுக்க வேண்டும்.

இங்கேதான் ஒரு எச்சரிக்கை தேவை. மனிதர்களுக்கான உதாரணமாக எல்லாப் புத்தகத்திலும் இருப்பது 'குட்டி ஆல்பர்ட்'. 1920இல் அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சனும் அவருடைய மாணவி ரோசலி ரேனரும் வெளியிட்டார்கள். ஏறத்தாழ பதினோரு மாதக் குழந்தை வெள்ளை எலியைத் தொடும்போது பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்தார்கள். ஒரு வார இடைவெளியில் இரண்டு நாட்களில், மொத்தம் ஏழு தடவை. பிறகு எலியைக் கண்டாலே அழுதான், முயல், ரோமக் கோட்டு வரை அந்த அச்சம் பரவியது என்று எழுதினார்கள். ஒரே ஒரு குழந்தை, அச்சத்தை அளந்தவர்களும் சோதனை செய்தவர்களே, அச்சம் அவர்களே எழுதிய குறிப்பில்கூட எல்லாத் தடவையும் ஒரே அளவாக இல்லை, நடுவில் திரும்பவும் கம்பியை அடித்திருக்கிறார்கள். இதை வைத்து மனித அச்சம் முழுவதையும் விளக்க முடியாது. அதைவிட எனக்கு உறுத்துவது, குழந்தையின் அச்சத்தை நீக்காமலே அவர்கள் அனுப்பிவிட்டார்கள் என்பது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது. ஆல்பர்ட்டை எழுதினால் 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் வெளியிட்டதையும் கட்டாயம் எழுதுங்கள். முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவன் பிடித்ததைச் சாப்பிடும்போது, முயலைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவந்து, கடைசியில் அவன் அதைத் தொடும்வரை கொண்டுசென்றார். இன்று நாங்கள் செய்யும் சிகிச்சையின் வேர் அங்கே இருக்கிறது.

அச்சம் போனது என்றால் அழிந்தது என்று பொருள் இல்லை. உணவு இல்லாமல் மெட்ரோனோமை மட்டும் பலமுறை ஒலிக்கவிட்டால் எச்சில் குறைந்து நின்றுவிடும். ஆனால் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ஒலிக்கவிட்டால் எச்சில் திரும்பவும் வரும் என்று பாவ்லோவே கண்டார். பின்னாளில் மார்க் பௌட்டன் என்ற உளவியலாளர், ஓரிடத்தில் கற்ற அச்சத்தை வேறொரு இடத்தில் மறையவைத்தாலும் பழைய இடத்துக்குத் திரும்பியதும் அது மீளும் என்று காட்டினார். பழையது அப்படியே இருக்கிறது, அதன் மேல் "இங்கே, இப்போது, பயமில்லை" என்று புதிதாக ஒன்று கற்கப்படுகிறது. என்னிடம் நாய் பயம் தீர்ந்து போனவர்கள் சிலர், பல மாதங்கள் கழித்து "திரும்ப வந்துவிட்டது, எல்லாம் வீண்" என்று சோர்ந்து வருவார்கள். வீண் இல்லை. பயிற்சியை ஒரே அறையில் செய்யாமல் பல இடங்களில், பல நாய்களோடு செய்யச் சொல்வது இந்த ஆய்வுகளால்தான்.

சந்தேகத்துக்குரியவற்றையும் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் நல்ல இசையோடு பொருளைக் காட்டினால் வாங்கிவிடுவோம் என்பதைக் கிளாசிக்கல் கண்டிஷனிங் உதாரணமாகப் பலர் எழுதுவார்கள். ஜெரால்ட் கோர்ன் 1982இல் பேனாவின் நிறத்தையும் இசையையும் வைத்து அப்படி ஒரு முடிவைக் காட்டினார். 1989இல் கெல்லாரிசும் காக்ஸும் திரும்பச் செய்து பார்த்தபோது அது வரவில்லை. விருப்பம் ஓரளவு இப்படி மாறுவது உண்மை, ஆனால் விளம்பரங்கள் நம்மை இயக்குகின்றன என்று அடித்துச் சொல்லாதீர்கள். அதேபோல, நான் மேலே பாராட்டிய பிளாக்கிங்கைக்கூட 2016இல் ஒரு குழு பதினைந்து சோதனைகளில் தேடிக் கிடைக்கவில்லை என்று வெளியிட்டது. பல ஆய்வகங்கள் அதைக் கண்டிருக்கின்றன என்பதால் அது இல்லை என்று ஆகாது, ஆனால் புத்தகம் காட்டுவதுபோல எப்போதும் எளிதாக வருவதில்லை. மனிதர்கள் தமக்கே தெரியாமல் கண்டிஷன் ஆக முடியுமா என்பதும் இன்னும் சூடான விவாதம்தான்.

கடைசியாக உங்கள் தம்பி. இணையத்தில் ஒரு வரியைப் படித்து நான் நோய்க்குறி சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஊசி வலிக்கும், எனவே ஊசியின் தோற்றம், ஸ்பிரிட் வாசனை எல்லாம் சி.எஸ். ஆகி அச்சம் வருவது இயல்பு. ஆனால் மயங்கி விழுவதை அந்தக் கணக்கு முழுதாக விளக்காது. மற்ற அச்சங்களில் இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும், மயக்கம் அரிது. ரத்தம், ஊசி, காயம் பற்றிய அச்சத்தில் மட்டும் பலருக்கு முதலில் ஏறிய அழுத்தம் திடீரென விழுந்துவிடுகிறது, அதனால் மயக்கம். இது குடும்பங்களில் தொடர்ந்து வரும், பலருக்கு அதைத் தொடங்கிவைத்த கெட்ட அனுபவம் எதுவும் நினைவில் இருக்காது. எனவே கண்டிஷனிங் ஒரு பகுதி, உடம்பின் பிறவி இயல்பு இன்னொரு பகுதி என்று சொல்வதே சரி.

இதற்கென்றே ஸ்வீடனைச் சேர்ந்த லார்ஸ்-யோரன் ஓஸ்ட் ஒரு எளிய முறையை வகுத்திருக்கிறார். கை, கால், உடம்புத் தசைகளை முகம் சூடாவதுபோல உணரும்வரை, பத்துப் பதினைந்து நொடி இறுக்கிப் பிடித்து, இருபது முப்பது நொடி தளர்த்தி, திரும்பச் செய்வது. இது ரத்த அழுத்தம் விழாமல் தாங்கும். "உடம்பைத் தளர்த்திக்கொள், ஒன்றும் ஆகாது" என்று நாம் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை இவர்களுக்கு உதவாது, சில சமயம் மயக்கத்தையே கொண்டுவரும். தம்பி முதலில் வீட்டில் உட்கார்ந்தபடி இதைப் பழகட்டும். ஊசி போடும் அன்று செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டு போட்டுக்கொள்ளட்டும், ஊசி போடும் கையை மட்டும் இறுக்காமல் விட வேண்டும். ஊசிக்குச் சம்பந்தமில்லாத நேரத்திலும் மயக்கம் வருகிறது என்றால், இதை அச்சம் என்று விட்டுவிடாமல் பொது மருத்துவரிடம் காட்டி இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் பரிசோதித்துவிடுங்கள்.